வர்றேங்க

தொழிற்சங்கச் செயலாளருக்கு மண்டை காய்ந்தது. சலவை ஆலை வாசலில், கம்பெனி பஸ்ஸில் ஏறப் போன ஒவ்வொருவரையும் நிறுத்தி, "முதலாளி பிடிச்சு வச்சிருக்கிற பாஸ்போர்ட்டையெல்லாம் திருப்பிக் கேட்கணும். நாளைக்குச் சங்க ஆபீஸ்ல கூட்டம்" என்று அழைத்திருந்தார். அத்தனை பேரும் சிரித்த முகமாக, "வர்றேங்க" என்றார்கள். மறுநாள் அவர் வரிசையாக நாற்காலி போட்டுக் காத்திருந்தார்; வந்தது ஒரு பூனை மட்டும்தான்.

"நீங்களும்தானே அக்கா 'வர்றேன்'னு சொன்னீங்க?" என்று அடுத்த நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய இஸ்திரி போடும் பெண்ணிடம் பொருமினார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ தம்பி! பஸ் கிளம்புது, போறேன்னு அர்த்தம். கிளம்பும்போது 'போறேன்'னு எங்க வாயில வராது."

"நான் தமிழ் கத்துக்கிட்ட புத்தகத்துல இது இல்லையே!"

"எங்களுக்காக எங்க பாஷையைக் கத்துக்கிட்ட முதல் ஆள் உங்க நாட்டுல நீங்கதான். புத்தகத்தை நம்பி மோசம் போயிட்டீங்க!"

"சரி, கூட்டத்துக்கு ஏன் வரலை?"

"விடுதியிலேருந்து எப்படி வர்றது? இந்த ஒரு பஸ்தானே எங்களுக்கு!"

அன்று மாலை அவர் கூட்டத்தைப் பஸ்ஸுக்குள்ளேயே வைத்தார். பாஸ்போர்ட்டைக் கேட்க எல்லோரும் கை தூக்கினார்கள். ஓட்டுநர்கூட ஒற்றைக் கையைத் தூக்கினார். விடுதி வாசலில் இறங்கும்போது ஒவ்வொருவரும், "வர்றேங்க" என்றார்கள்.

இந்த முறை அவர் நாற்காலி போடவில்லை.