நாலாவது வரி

"யோகலிங்கம் அண்ணா, உயிரோட இருக்கிற நாப்பத்தி மூணு பேரை நாம சாகடிச்சிருக்கம்."

திங்கள் காலை, கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் ஸல்ஹா, அச்செடுத்த தாள்களை மேசையில் வைத்தாள். யோகலிங்கம் ஒரு தாளைப் புரட்டினான். அதற்கு மேல் பார்க்க அவனால் முடியவில்லை.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனத்தில், சண்டையில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களைக் கணினியில் பதிவதுதான் இருவருக்கும் வேலை. குடும்பத்துக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி, பக்கத்துக்கு நாலு வரி. வரியின் கடைசிக் கட்டத்தைச் சொடுக்கினால் சின்னப் பட்டியல் ஒன்று விரியும்: முகாமில், உறவினர் வீட்டில், காணாமற்போனவர், இறந்தவர். அதில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். வேறெதை எழுதினாலும் கட்டம் ஏற்காது. அப்படி அமைத்தவன் யோகலிங்கம்.

"நாலாவது வரியில 'இறந்தவர்' எண்ட ஒரு சொல்லுத்தான் வருது எண்டு நான் அண்டைக்கே சொன்னேனே."

"ஓம், சொன்னனீங்கள்."

"வாறதைப் போடுங்கோ, பிறகு ஒரேயடியாத் திருத்துவம் எண்டீங்க."

சொன்னதும் அவன்தான், சொன்னதை மறந்ததும் அவன்தான். வெள்ளிக்கிழமை அவசர அவசரமாக அச்செடுத்து, அலுவலகச் சுவரிலும் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஒட்டியதும் அவனேதான்.

இருவரும் பேசி முடிப்பதற்குள் சனம் திரண்டு வந்துவிட்டது. தகப்பன் ஒருவர் தன் ஐந்து வயது மகளைத் தூக்கி மேசையில் இருத்தினார். "இவள் செத்திட்டாளாம். தொட்டுப் பாரும்!" என்று கத்தினார். யோகலிங்கம் தலை நிமிரவில்லை. பிள்ளை அவனுடைய பேனையை எடுத்து மூடியைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தது.

சீலா மட்டும் சத்தம் போடவில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவள். அவளுடைய பக்கத்தில் நாலாவது வரி, கணவன் டொமினிக். சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார் என்று பதியும்போது அவளே சொல்லியிருந்தாள். சுவரில் அந்தப் பெயரின்மேல் விரல் வைத்துக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு மேசைக்கு வந்தாள்.

"தம்பி, லிஸ்டைத் திருத்திட்டீங்களோ?"

"இன்னும் இல்லை அக்கா. பிழை எங்கயெண்டு பிடிபடேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சுவரை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போனாள். செவ்வாயும் வந்து அதையே கேட்டாள். ஏசிவிட்டுப் போனவர்களைக்கூட அவனால் தாங்க முடிந்தது; இவள் ஒரு வார்த்தை கடிந்து பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. புதன்கிழமை அவள் படலையைத் திறப்பதைக் கண்டதும் எழுந்து தேத்தண்ணி போடும் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டான். "இன்னும் திருத்தல்ல ராத்தா" என்று ஸல்ஹாதான் பதில் சொல்லி அனுப்பினாள்.

பட்டியலை அழித்து இரண்டு தடவை புதிதாகச் செய்து பார்த்தாயிற்று. முதல் வரி சரியாக இருக்கும், கீழே போகப்போகச் சொற்கள் குறைந்துவிடும். வியாழக்கிழமை ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. முதல் கட்டத்தைக் கீழே இழுத்துப் பிரதி எடுத்தபோது, கணினி பட்டியலையும் வரிக்கு ஒரு படியாகக் கீழே இறக்கியிருந்தது. இரண்டாவது வரிக்காரருக்கு முகாம் இல்லை. மூன்றாவது வரிக்காரருக்கு உறவினர் வீடும் இல்லை. நாலாவது வரிக்காரருக்கு மிஞ்சியது சாவு மட்டும்.

பட்டியல் நகராமல் இருக்க அதன் முகவரியில் டொலர் குறி போட வேண்டும். கணினி வகுப்பில் முதல் கிழமையே சொல்லிக் கொடுத்தது.

போட்டான். நாலு வரியிலும் நாலு சொல்லும் விரிந்தன. "இவ்வளவுதானா?" என்றாள் ஸல்ஹா.

சனம் பதியும்போது கையால் நிரப்பிய பழைய படிவங்களை அவள் வாசிக்க வாசிக்க, அவன் ஒவ்வொரு பெயராகத் திருத்திக்கொண்டு போனான். மேசையில் இருந்த அந்தச் சிறுமியை முகாமில் சேர்த்தான்.

"அடுத்தது டொமினிக். உறவினர் வீட்டில" என்று ஸல்ஹா வாசிக்கும்போது, வாசலில் சீலா நின்றாள்.

இந்தமுறை அவன் ஒளியவில்லை. எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அக்கா. பிழை முழுக்க என்ரதான். உயிரோட இருக்கிற மனுசனைச் செத்தவர் எண்டு எழுதி உங்களை நாலு நாளா அலைய வைச்சிட்டன். இப்ப உங்கட கண்ணுக்கு முன்னாலயே திருத்திறன், பாருங்கோ."

கட்டத்தைச் சொடுக்கினான். பட்டியல் விரிந்தது.

சீலா பாய்ந்து வந்து மவுஸின்மேல் இருந்த அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

"திருத்திப் போடாதேங்கோ தம்பி! திருத்திட்டீங்களோ எண்ட பயத்திலதான் நான் ஒவ்வொரு நாளும் வந்து பாத்தனான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தேடி வந்தவங்கள், சுவரில இருந்த உங்கட லிஸ்டை வாசிச்சுப்போட்டுத்தான் திரும்பிப் போனவங்கள்."