புகைப்பவர் மாரப்பன்

இரும்பு வார்ப்பு ஆலை வாசலில் நின்ற இயந்திரம் மாரப்பனின் நுரையீரலைப் பார்த்துவிட்டு, 'புகைப்பவர்' என்று அறிவித்துக் கதவை மூடிக்கொண்டது.

"பீடியத் தொட்டதுகூட இல்லீங்க சார். இருபத்திரண்டு வருசமா உலை முன்னாடி நிக்கறேனுங்க."

"ஆலைக்குள்ள புகையே இல்லைன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. அப்ப அது உன் புகைதானே?" என்றார் வாசலறையில் உட்கார்ந்திருந்த நலவாழ்வு அதிகாரி. "ஒத்துக்கிட்டா ஒரு மாசம் திருந்தும் முகாம், அப்புறம் வேலை. மறுத்தா இன்னியோட வீட்டுக்குப் போ. சொல்லு, எந்த பிராண்ட்?"

மாரப்பனுக்கு ஒரு பிராண்டும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கரும்புகை கக்கிக்கொண்டிருந்த புகைபோக்கியில் பெரிதாக எழுதியிருந்த முதலாளியின் பெயரை வாசித்துச் சொன்னார்.

அதிகாரி நிமிராமலே அதைக் கணினியில் தட்டினார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"எட்டு மணி நேரமுங்க. ஓவர்டைம்னா பன்னிரண்டு."