டிஸ்க் இல்லாத லேப்டாப்

நேற்று முழுக்க எஷிம்பெக் வீட்டுப் புது அறையின் சுவருக்கு மண்கல் சுமந்ததில் தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பனிக்காலத்தில் இறந்துபோன எஷிம்பெக், நான் வீடு கட்டியபோது கூலி வாங்காமல் இரண்டு நாள் கல் சுமந்தவர். எங்கள் ஊரில் ஒருவர் உழைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் உழைத்துத் திருப்பவேண்டும். செத்தவருக்கு ஒரு நாள் போதும் என்று முடிவுசெய்திருந்தேன்.

இன்று காலை ஓஷ் சந்தையில் இருக்கும் என் பழுதுக்கடைக்கு எஷிம்பெக்கின் மனைவி குல்பர்ச்சின், கணவரின் லேப்டாப்போடு வந்தார். அதை விற்றுத்தான் அந்த அறைக்குக் கூரைத் தகடு வாங்கவேண்டும். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டேன். இயங்கவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டியும் திரை கருப்பாகவே இருந்தது. வெறுத்துப்போய் டிஸ்க்கை உருவி மேசைமேல் வைத்தேன். லேப்டாப் ஓடத் தொடங்கியது.

திரையில் எஷிம்பெக்கின் வேலைப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு எதிரே நேற்றைய தேதி. ஒரு நாள் வந்தான் என்று எழுதியிருந்தது.

"மண்ணுக்குள்ள போயும் நாள் எண்ணிக்கிட்டு கெடக்கியாய்யா? அப்ப கூரையையும் நீயே வந்து போடு!" என்று குல்பர்ச்சின் திரையைப் பார்த்துக் கத்தினார்.

"அவரு மிரட்டுனா வரமாட்டேன்க்கா. நீங்க கூப்பிட்டா வர்றேன்," என்று சொல்லி பேட்டரியையும் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை. என் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: கல் சுமக்க இன்னும் ஒரு நாள் பாக்கி.