தீவுப் பானை

ஆட்கள் வெட்டியெடுத்தது போக மீதிப் பவளப்பாறையைக் கடல் அரித்துவரும் அந்தத் தீவில் தாழைப் புதரும் நண்டும்தான் உண்டு. வழிதவறி ஒதுங்குகிறவர்களுக்காக அங்கே ஒரு பானைத் தண்ணீர் வைப்பது மீனவர்களின் வழக்கம். கணவன் கடலிலிருந்து திரும்பாத இரண்டு வருடமாக, சனிக்கிழமைதோறும் அமலிதான் கொழுந்தன் கஸ்பாரின் படகில் போய் அதை நிரப்பினாள். போகும்போதெல்லாம் பானை காலியாக இருக்கும். “யாரோ குடிச்சிருக்காங்க மைனி” என்பான், வாரம் முழுக்க அந்தப் பக்கமே வலை போடும் கஸ்பார். இந்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு படகில் போன அமலி மூடியைத் திறந்தாள். வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, அதை மணலில் ஊற்றினாள்.

வீடு திரும்பியதும் கஸ்பார் பாயில் கிடந்தபடியே தயங்கிக் கேட்டான். “தண்ணி கெடந்துச்சா மைனி?”

“இல்ல. குடிச்சிருக்காங்க.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். “நெசமாவா மைனி?”