ஒரு நீல இறகு

அமேசான் காட்டில், கயாப்போ பழங்குடி ஊரின் நடுத்திடலில் ஆட்டம் தொடங்கிவிட்டது, வீட்டுத் தரை அதிர்கிறது. உள்ளே கோக்கோபா தன் தம்பி மகளுக்கு இறகுக் கிரீடம் கட்டுகிறாள். அத்தையான அவளுடைய பெயர் இன்றைய சடங்கில் இந்தச் சிறுமிக்குப் போகிறது. ஆனால் கிரீடத்தில் ஒரு நீல இறகை எலி கடித்துவிட்டது; அது இல்லாமல் பெயர் செல்லாது. அடுத்த வீட்டுக்காரி மஞ்சள் இறகை நீட்டுகிறாள். “இதைச் செருகேன், யாரு பாக்கப்போறா?” “ஊரே பாக்கும். மஞ்சள் உங்க குடும்பத்து உரிமை. எங்க பொண்ணைத் திருடி ஆக்காதே.” வளர்ப்புப் பஞ்சவர்ணக்கிளி நீல வாலைத் தொங்கவிட்டு உத்தரத்தில் உட்கார்ந்து முறைக்கிறது. கோக்கோபா அதை நோக்கிப் போகிறாள். “வேணாம் அக்கா, போன தடவை என் விரலையே பிச்சிருச்சு” என்கிறாள் தம்பி மனைவி இரேபா. “கடிச்சிட்டுப் போகட்டும். கூடையைப் போட்டு அமுக்கு!” கிளி அலறுகிறது. அலகு கோக்கோபாவின் கட்டைவிரலில் இறங்குகிறது. அவள் கையை இழுக்கவில்லை. மறு கையால் வாலிலிருந்து நீளமான நீல இறகு ஒன்றைச் சுண்டி எடுக்கிறாள். “கத்தாதே, உனக்குத் திரும்ப முளைக்கும்.” கையில் பூசிய செஞ்சாந்தின் மேல் இரத்தம் வழிகிறது, எது எதுவென்று தெரியவில்லை. இறகைச் செருகிவிட்டுச் சிறுமியின் கையைப் பிடித்து வெயிலுக்குள் இறங்குகிறாள். “வலிக்குதா அத்தை?” “வலிக்குது. நீ நிமிந்து நட.”