அடிக்க வேண்டிய பெயர்

"ஆளு வளரவே கூடாதுன்னா அது என்னடா விளையாட்டு?" பெனிட்டா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஜெபசிங்கும் அவளும் மூன்று வருடமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றுக்கு விதி எழுதுகிறார்களாம். ஏற்கெனவே பேர்போன ஒரு விளையாட்டை ஒட்டி எழுதுவது; அந்த மூல விளையாட்டின் கம்பெனி சண்டை, மந்திரம், சாவு என்று தன் விதிகள் எல்லாவற்றுக்கும் உரிமம் தந்துவிட்டது. பாத்திரம் புதுத் திறமை சேர்த்து வளரும் விதியை மட்டும் தரவில்லை. திறமை சேர்ப்பதாக இவர்களாக எழுதி அனுப்பிய பத்து விதிகளையும் கம்பெனி திருப்பிவிட்டது. அடுத்ததும் திரும்பினால் புத்தகமே கிடையாது.

"சேக்கத்தானே தடை? இழந்து வளரட்டும்." ஒவ்வொரு படி ஏறும்போதும் பாத்திரம் தனக்கு வேண்டிய ஒருவரின் பெயரைத் தாளில் அடித்துவிட வேண்டும் என்று எழுதினாள்.

"கடைசில அந்த ஆளுகூட யாரு பெனி இருப்பா?" ஜெபசிங்குக்குக் கேட்கவே அலுப்பாக இருந்தது.

"உரிமத்துக்கு ஒத்துவருதா, அதைச் சொல்லு."

ஒத்துவந்தது. புத்தகமும் வந்தது. தையில் அவள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கே போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது தெருவில் ஒரு வீட்டை விடவில்லை, ஜெபசிங் வீட்டைத் தவிர.