நாளைக்கு முடிவு பண்ணலாம்

"இன்னொரு ரொட்டி எடுத்துக்கோம்மா. ஒண்ணும் ஆகாது."

"நல்லா இருக்கே! சர்க்கரை எனக்கா, உனக்கா?"

காலியான சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்து அம்மா முறைத்தாள். போனுக்குள் மகன் சிரித்தான். அவன் இருப்பது வேறு ஊரில். முன்பெல்லாம் எப்போதாவது கூப்பிடுவான். "நல்லா இருக்கியா?", "நல்லா இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தவறாமல் ஆஜர்.

"டாக்டர் என்ன சொன்னார்? இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மாவுச்சத்தைக் குறைங்கன்னார். எவ்வளவுன்னு கேட்டா, ஆளுக்கு ஆள் மாறும்னுட்டார்."

"அதான் நானும் சொல்றேன். நீ நாள் பூரா நடமாடற. ரெண்டு ரொட்டி, ஒரு உருளைக்கிழங்கு தாங்கும்."

"நேத்து கிழங்கே வேண்டாம்னியே?"

"நேத்து சோறு சாப்பிட்டே. சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் ஒரே கணக்குதாம்மா. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கணும்."

"பெரிய டாக்டர்! எங்கே, உன் தட்டைக் காட்டு."

காட்டினான். கருகின ரொட்டியும் ஒரு முட்டையும்.

"இதெல்லாம் ஒரு சாப்பாடா? உன் பெண்டாட்டி இருந்திருந்தா..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது.

"உனக்கும் ஆபீஸ் வேலை ஆயிரம் இருக்கும்," என்றாள் அம்மா, பேச்சை மாற்ற. "தினம் இவ்வளவுன்னு ஒரே அளவா முடிவு பண்ணிட்டா, நீ தினம் கூப்பிட வேண்டாமே."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. சரி என்று சொல்லிவிட்டால்?

"அதெப்படிம்மா, எடுத்தோம் கவிழ்த்தோம்னு முடிவு பண்ண முடியும்?" மகன் பதறினான். "நாளைக்குப் பாக்கலாம்."

"ஆமாமா. நாளைக்கு முடிவு பண்ணலாம்."

போன் அணைந்தது. வீடு பழையபடி அமைதியானது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. மூன்றில் உட்கார ஆளில்லை.

அரை வயிறுதான் நிறைந்திருந்தது. தொடாமல் வைத்த ரொட்டியை அவள் ஆசையாகப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ரிப்போர்ட் வந்த சில நாளிலேயே, ரத்தம் எடுத்துப் போன லேப் பெண் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கம்மா, இன்னொருத்தர் ரத்தத்தோட மாறிப்போச்சு. உங்களுக்குச் சர்க்கரையே இல்ல."

"என் மகன்கிட்ட நானே சொல்லிக்கறேன்மா," என்று மேற்கொண்டு பேச விடாமல் அவளை அனுப்பி வைத்தவள், இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் இந்த மதியமும் போய்விடும். பசியைத் தாங்கிக்கொள்ளலாம், அதைத் தாங்க முடியாது.

அங்கே மகன் தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். இன்றைக்கும் அம்மாவை அந்த ரொட்டியைச் சாப்பிட வைக்க முடியவில்லையே என்று அவனுக்கு வருத்தம்.

அந்த லேப் பெண் அம்மா வீட்டு மணியை அடிப்பதற்கு முன்பே, பரிசோதனைக்குப் பதிவு செய்தவன் என்று அவனைத்தான் முதலில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தாள்.